பாக்தாதின் நூல்கள் எல்லாம் ஆற்றோடு போய்விட்டனவா?

நீங்கள் கேட்டது இது: "1258-ல் மங்கோலியர்கள் பாக்தாதின் பைத்துல் ஹிக்மா என்ற பல்கலைக்கழகத்தை இடித்து, அங்கிருந்த நூல்களை ஆற்றில் வீசினார்கள், ஆற்றுத் தண்ணீரே மையால் கறுத்தது, அதோடு இஸ்லாமிய உலகில் அறிவியல் முடிந்துபோனது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?" இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பைத்துல் ஹிக்மா என்பது என்ன, 1258-ல் நடந்தது என்ன, அதற்குப் பிறகு கல்வி என்ன ஆனது. நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது மூன்றாவது என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு நகரம் எரிந்தால் ஓர் அறிவுலகமே செத்துவிடுமா?

நான் அரபுக் கல்லூரியில் ஏழு வருஷம் கிதாபு, அதாவது அரபுப் பாடநூல்கள் ஓதியவன். அப்புறம் இருபது வருஷத்துக்கும் மேலாக அரபு கற்பித்து வருகிறேன். இந்தக் காலத்து வரலாற்று நூல்களை அரபு மூலத்திலேயே படிக்கிறேன். பாரசீகம் மெதுவாகத்தான் வரும். வானியல் கணக்குகளில் எனக்குப் பயிற்சி இல்லை, அந்தப் பகுதியில் அத்துறை ஆய்வாளர்கள் சொல்வதை நம்பித்தான் எழுதுகிறேன். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் பைத்துல் ஹிக்மா, அதாவது ஞான இல்லம். அந்தப் பெயரில் ஒன்று இருந்தது என்பதில் சந்தேகம் இல்லை. பாக்தாதில் புத்தக வியாபாரியின் மகனாகப் பிறந்த இப்னு நதீம், 987-ல் தமக்குத் தெரிந்த அரபு நூல்களையெல்லாம் பட்டியலிட்டு 'ஃபிஹ்ரிஸ்த்' என்ற நூலை எழுதினார். அதில் இந்தப் பெயர் சில இடங்களில் வருகிறது. சில இடங்களில் 'கிஸானத்துல் ஹிக்மா', அதாவது ஞானக் கருவூலம் என்றும் எழுதுகிறார். இயற்கணிதத்துக்குப் பெயர் கொடுத்த குவாரிஸ்மி, கலீபா மாமூனின் அந்தக் கருவூலத்தோடு இணைந்து பணியாற்றினார் என்பதும் அங்கேதான் இருக்கிறது. மாமூன் ஆண்டது 813 முதல் 833 வரை. இவ்வளவும் உறுதி.

ஆனால் அங்கே வகுப்புகள் நடந்தன, மாணவர்கள் பட்டம் பெற்றார்கள், மொழிபெயர்ப்பாளர்கள் வரிசையாக உட்கார்ந்து கிரேக்க நூல்களை அரபியாக்கினார்கள் என்பதற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை. பாரசீக மன்னர்களின் வழக்கத்தைப் பின்பற்றிய அரண்மனை நூலகம் என்பதுதான் கிடைக்கும் வரிகளுக்குப் பொருந்துகிறது. அதைவிடப் பெரியதாக இருந்தது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. நான் முதல் கட்சி. அதற்குக் காரணம் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்.

ஹுனைன் 9-ம் நூற்றாண்டின் மிகப் பெரிய மொழிபெயர்ப்பாளர். ஹீரா ஊரைச் சேர்ந்த கிறிஸ்தவர், மருத்துவர். கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களில் எவை எவை மொழிபெயர்க்கப்பட்டன, யார் செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள் என்று அவரே ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதில் 129 நூல்கள் பேசப்படுகின்றன. அந்தக் கடிதத்தைப் படிப்பது எனக்கு இன்றும் பெரிய மகிழ்ச்சி. ஒரு நூலுக்குப் பல கிரேக்கப் பிரதிகளைச் சேர்ப்பார், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிழை நீக்கிய ஒரு பிரதியை உருவாக்குவார், அதற்குப் பிறகுதான் மொழிபெயர்ப்புக்கு இறங்குவார். கேலனின் தருக்க நூல் ஒன்றைத் தேடி மெசபொட்டேமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலெக்சாந்திரியா வரைக்கும் அலைந்திருக்கிறார். கடைசியில் டமாஸ்கஸில் பாதி நூல்தான் கிடைத்தது. இவ்வளவு விவரம் எழுதுகிறவர், தாம் பைத்துல் ஹிக்மாவில் உட்கார்ந்து வேலை செய்ததாக ஓர் இடத்திலும் சொல்லவில்லை. நூல் கேட்டவர்களின் பெயர்களைச் சொல்கிறார். சுரியானி மொழியில் கேட்ட கிறிஸ்தவ மருத்துவர்கள், அரபியில் கேட்ட முஸ்லிம் செல்வந்தர்கள். பனூ மூஸா என்று அறியப்பட்ட மூன்று சகோதரர்கள், கணித வல்லுநர்கள், மொழிபெயர்ப்புக்காகவே மாதம் சுமார் 500 தீனார் செலவழித்தார்கள் என்று இப்னு நதீம் குறிக்கிறார். அந்தப் பணத்தைப் பெற்றவர்களில் கிறிஸ்தவரான ஹுனைனும் உண்டு, ஹர்ரான் ஊரின் ஸாபியீ சமயத்தவரான தாபித் இப்னு குர்ராவும் உண்டு.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் எல்லா அறிவும் இருந்தது என்று நம்பினால்தான், அந்தக் கட்டடம் போனதும் எல்லாம் போயிற்று என்று சொல்ல முடியும். அன்றைய பாக்தாத் அப்படி இல்லை. ஒரு வீட்டில் மொழிபெயர்ப்பு நடந்தது, ஒரு பள்ளிவாசலின் தூணடியில் பாடம் நடந்தது, மருத்துவமனையில் மருத்துவம் ஓதப்பட்டது. புத்தகக் கடைகள் மட்டும் நூறுக்கு மேல் இருந்ததாக 9-ம் நூற்றாண்டின் யஃகூபி எழுதுகிறார். காகிதம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய காலம் அது. கலீபாவின் நூலகம் இவற்றில் ஒன்று. மாமூனுக்குப் பிந்தைய தலைமுறைகளில் அதன் பேச்சே குறைந்துவிடுகிறது. மங்கோலியர் வந்தபோது அந்தப் பெயரில் ஒரு நிறுவனம் இயங்கிக்கொண்டிருந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

1258-ல் பாக்தாதில் இருந்த பெரிய கல்வி நிலையம் வேறு. முஸ்தன்ஸிரிய்யா மதரஸா. 1234-ல் திறக்கப்பட்டது. ஹனஃபீ, ஷாஃபியீ, மாலிகீ, ஹன்பலீ ஆகிய நான்கு மத்ஹபுகளுக்கும், அதாவது சட்ட மரபுகளுக்கும் ஒரே கூரையின் கீழ் இடம், ஒவ்வொரு மத்ஹபுக்கும் 62 மாணவர்கள், சாப்பாடும் மாத உதவித்தொகையும் வக்ஃபு வருமானத்திலிருந்து. மருத்துவப் பாடமும் உண்டு. வாசலில் நீரால் இயங்கும் கடிகாரம். திறப்பு விழாவுக்கு 160 சுமைதூக்கிகள் நூல்களைச் சுமந்து வந்ததாக வரலாற்று நூல் சொல்கிறது. அந்தக் கட்டடம் அழியவில்லை. பிற்காலத்தில் பலமுறை பழுது பார்க்கப்பட்டு, இன்றும் தஜ்லா என்று அரபியில் சொல்லப்படும் டைகிரிஸ் ஆற்றங்கரையில் நிற்கிறது. 1327-ல் பாக்தாதுக்கு வந்த இப்னு பத்தூத்தா, அங்கே நான்கு மத்ஹபுகளின் ஆசிரியர்களும் பாடம் நடத்துவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். படையெடுப்புக்கு 69 வருஷம் கழித்து!

இதைச் சொல்வதால் 1258-ன் கொடுமையைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜனவரி கடைசியில் முற்றுகை தொடங்கியது, பிப்ரவரி 10-ல் நகரம் சரணடைந்தது, சில நாட்களில் கலீபா முஸ்தஃஸிம் கொல்லப்பட்டார். ஐந்நூறு வருஷம் நீடித்த அப்பாஸிய கிலாஃபத் பாக்தாதில் அன்றோடு முடிந்தது. கொலையும் கொள்ளையும் நாள்கணக்கில் நடந்தன. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில்தான் எண்கள் ஒத்துப்போவதில்லை. மங்கோலியப் படையின் தலைவன் ஹுலாகு 1262-ல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயிக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் என்று தானே பெருமையாகச் சொல்கிறான். பிற்கால முஸ்லிம் வரலாற்றாசிரியர்கள் எட்டு லட்சம், அதற்கும் மேல் என்கிறார்கள். இரண்டையும் எண்ணிப் பார்த்து எழுதிய கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஆலிம்களும், அதாவது மார்க்க அறிஞர்களும், நபிமொழிகளான ஹதீஸ்களின் அறிவிப்பாளர்களும் ஏராளமாகக் கொல்லப்பட்டார்கள் என்பது மட்டும் உறுதி. வாழ்க்கைக் குறிப்பு நூல்களைப் புரட்டினால் 'ஹிஜ்ரி 656-ல் பாக்தாதில் கொல்லப்பட்டார்' என்ற வரி பெயர் பெயராகத் திரும்பத் திரும்ப வருகிறது. படிக்கும்போது மனம் கனத்துவிடும்.

சரி, நூல்கள்? ஆற்றில் வீசப்பட்டன என்று இப்னு கல்தூன் போன்ற பெரியவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர் எழுதியது சம்பவம் நடந்து நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து. தண்ணீர் கறுத்தது, நூல்களே பாலம்போல் அடுக்கப்பட்டன என்ற விவரங்கள் காலம் தள்ளத் தள்ளத்தான் கூடிக்கொண்டு போகின்றன. நெருங்கிய காலத்துச் செய்தி ஒன்று என்னை அதிகம் பாதித்தது. அக்கம்பக்கத்து ஹில்லா, கூஃபா ஊர்க்காரர்கள் பாக்தாதுக்கு உணவுப் பொருள்களைக் கொண்டுவந்து விற்று, அதற்குப் பதிலாக விலைமதிப்பற்ற நூல்களை வாங்கிச் சென்றார்களாம். இது 'அல்-ஹவாதிதுல் ஜாமிஆ' என்ற வரலாற்று நூலில் இருக்கிறது. அந்த நூலை எழுதியவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் பாக்தாதை நன்கு அறிந்தவர் என்பது வரிக்கு வரி தெரிகிறது. பசியில் இருக்கிறவன் ஒரு படி கோதுமைக்கு வாப்பாவின் கிதாபைக் கொடுக்கிறான். மை கரைந்த ஆற்றைவிட இது எனக்கு அதிகம் வலிக்கிறது, நம்பவும் முடிகிறது. அதே சமயம் நூல் கைமாறியது, அழியவில்லை என்பதையும் இது சொல்கிறது.

இன்னொரு முரணையும் பாருங்கள். ஹுலாகுவோடு வந்த அறிஞர் நஸீருத்தீன் தூஸீ, இன்றைய ஈரானின் அஸர்பைஜான் பகுதியில் உள்ள மராகா நகரில் 1259-ல் வானாய்வுக் கூடம் தொடங்கினார். பாக்தாத், சிரியா, வட மெசபொட்டேமியாவான ஜஸீரா ஆகிய பகுதிகளில் கொள்ளையடித்த நான்கு லட்சம் நூல்கள் அங்கே சேர்ந்தன என்று 14-ம் நூற்றாண்டு ஆசிரியர் ஒருவர் எழுதுகிறார். நான்கு லட்சம் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் பாக்தாதின் நூல்கள் எல்லாமே ஆற்றில் கரைந்திருந்தால் மராகாவுக்குப் போனவை எவை? இரண்டு கதைகளையும் ஒரே மூச்சில் சொல்லும் காணொளிகள் இருக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இப்னுல் ஃபுவத்தீ 1244-ல் பாக்தாதில் பிறந்தவர். நகரம் விழுந்தபோது வயது பதினான்கு, சிறைபிடிக்கப்பட்டார். பிறகு தூஸீயிடம் சேர்ந்து மராகா நூலகத்தின் பொறுப்பாளரானார். வருஷங்கள் கழித்துப் பாக்தாதுக்கே திரும்பி, முஸ்தன்ஸிரிய்யாவின் நூலகத்தைப் பார்த்துக்கொண்டார். தம் காலத்து மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை மிகப் பெரிய அகராதியாகத் தொகுத்தார், 1323-ல் இறந்தார். நூலகமே இல்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் காலத்தில், இரண்டு நகரங்களில் நூலகராக வாழ்ந்த மனிதர் அவர்.

நூல் எரிப்பைப் பற்றிப் பேசும்போது மங்கோலியரை மட்டும் சொன்னால் நியாயமாகாது. பாக்தாதின் கர்க் பகுதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களோடு இருந்த 'தாருல் இல்ம்' 1059-லேயே எரிந்தது, அது ஸல்ஜூக்கியத் துருக்கியர் வந்த காலத்துக் கலவரம். 1256-ல் ஷியாக்களில் ஒரு பிரிவினரான இஸ்மாயிலிகளின் அலமூத் கோட்டை விழுந்தபோது, மங்கோலியரிடம் பணியாற்றிய வரலாற்றாசிரியர் அதா மலிக் ஜுவைனீ அனுமதி கேட்டு நூலகத்துக்குள் போனார். குர்ஆன் பிரதிகளையும் அரிய நூல்களையும் வானியல் கருவிகளையும் காப்பாற்றினார். வழிகேடு என்று கருதியவற்றை எரித்தார். அவரே எழுதி வைத்திருக்கிறார். காத்தவரும் எரித்தவரும் ஒரே ஆள், அவர் முஸ்லிம் அறிஞர்.

இதைவிடப் பெரிய அழிவு சத்தமில்லாமல் நடந்தது. தத்துவஞானி கிந்தீ எழுதியதாக இப்னு நதீம் இருநூறுக்கும் மேற்பட்ட தலைப்புகளைத் தருகிறார். இன்று கையில் இருப்பது அதில் சிறு பங்கு. இவை எல்லாம் ஒரே நாளில் போனவை அல்ல. காகிதம் நூற்றாண்டுகளுக்குத் தாங்க வேண்டும் என்றால் யாராவது மறுபடி பிரதி எடுக்க வேண்டும். ஒரு நூலை ஓதுகிற மாணவர்கள் இருக்கும் வரைதான் பிரதி எடுக்க ஆள் இருக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு பழைய வீட்டுப் பரணில் அரபுத்தமிழ், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ்க் கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன என்று கூப்பிட்டார்கள், ஓடிப் போய்ப் பார்த்தேன். பெட்டியைத் திறந்தால் கரையான் தின்ற மண். அந்த வீட்டுக்கு எந்தப் படையும் வரவில்லை.

அப்படியானால் கல்வி எங்கே இருந்தது? பெரும்பாலும் மனிதரிடம் இருந்தது. மதரஸாக்களில் பட்டம் கொடுத்தது நிறுவனம் இல்லை, ஆசிரியர். இந்தக் கிதாபை என்னிடம் முழுவதும் ஓதினார், இதை மற்றவர்களுக்கு ஓதிக்கொடுக்கலாம் என்று ஆசிரியர் தம் பெயரில் கொடுப்பதுதான் இஜாஸா. அந்த ஆசிரியருக்கு அவருடைய ஆசிரியர், அவருக்கு அவருடைய ஆசிரியர் என்று நூலாசிரியர் வரைக்கும் போகும் சங்கிலிக்கு ஸனது என்று பெயர். பல பழைய பிரதிகளின் ஓரத்தில் ஓர் அரிய குறிப்பு இருக்கும். இன்ன தேதியில், இன்ன ஊரில், இன்ன ஆசிரியர் முன்னால் இந்த நூல் வாசிக்கப்பட்டது, கேட்டவர்கள் இன்னார் இன்னார் என்று பெயர்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. ஆசிரியை இடத்திலும் பெண்களைப் பார்க்கலாம். 1178-ல் பாக்தாதில் இறந்த ஷுஹ்தா, அழகிய கையெழுத்துக்காக 'அல்-காதிபா' என்று பெயர் பெற்றவர். அவரிடம் ஹதீஸ் கேட்டவர்களில் பெரிய ஆலிம்கள் பலர். இப்படி ஒரே நூல் பத்து ஊர்களில் பத்து ஆசிரியர்களின் நெஞ்சிலும் கையிலும் இருந்தது. பாக்தாத் விழுந்தபோது கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் அதே நூல் ஓதப்பட்டுக்கொண்டிருந்தது.

அறிவியலும் நிற்கவில்லை. நுரையீரல் வழியாக இரத்தம் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போகிறது என்று எழுதிய இப்னு நஃபீஸ் 1288 வரை கெய்ரோவில் வாழ்ந்தார். மராகாவில் தூஸீயும் அவரோடு இருந்தவர்களும் பழைய கிரேக்க வானியலாளர் தாலமியின் வானியலைத் திருத்தினார்கள். அங்கே சுரியானிக் கிறிஸ்தவத் திருச்சபைத் தலைவர்களில் ஒருவரான இப்னுல் இப்ரீ 1268-ல் யூக்ளிடின் நூலையும் 1272-ல் தாலமியின் நூலையும் பாடம் நடத்தினார். டமாஸ்கஸின் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் 'முவக்கித்' வேலை பார்த்தவர் இப்னு ஷாதிர், காலம் 1304 முதல் 1375 வரை. நிலவின் ஓட்டத்துக்கு அவர் அமைத்த மாதிரியும் பிற்பாடு கோப்பர்னிகஸ் கொடுத்ததும் கணித அளவில் ஒன்றுதான் என்று வானியல் வரலாற்றாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கைமாறிப் போனதா, தனித்தனியே கண்டதா என்பது இன்னும் தீராத வாதம். சமர்கந்தைச் செங்கிஸ்கான் 1220-ல் சூறையாடினான். அதே சமர்கந்தில் இருநூறு வருஷம் கழித்து உலுக் பேக் வானாய்வுக் கூடம் கட்டினார், காஷீ 1424-ல் பை எண்ணைத் தசமப் புள்ளிக்குப் பின் 16 இடங்கள் வரை சரியாகக் கணித்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் அதை யாரும் மிஞ்சவில்லை.

1258 எதையும் மாற்றவில்லையா என்றால், மாற்றியது. பாக்தாத் அந்த உலகின் நடுவிடம் என்ற நிலையை இழந்தது. அந்த இடம் கெய்ரோவுக்கும் தப்ரீஸுக்கும் போயிற்று. ஆனால் பாக்தாதின் தேய்வு அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. நகரைச் சுற்றிய விளைநிலங்களுக்கு நீர் தந்த நஹ்ரவான் கால்வாயை 937-ல் உள்நாட்டுச் சண்டையில் முஸ்லிம் தளபதி ஒருவரே உடைத்தார். 1348-ன் கொள்ளைநோய், 1401-ல் தைமூரின் படையெடுப்பு என்று அடிகள் பின்னாலும் விழுந்தன. பிற்காலத்தில் ஐரோப்பா முந்திப் போனது ஏன் என்பது வேறு கேள்வி. அதற்கு ஒற்றைக் காரணம் சொல்லும் யாரையும் நான் நம்புவதில்லை, அந்தக் காரணம் மங்கோலியராக இருந்தாலும் சரி, தத்துவவாதிகளைக் கண்டித்து எழுதிய இமாம் கஸ்ஸாலியாக இருந்தாலும் சரி.

காணொளியின் கீழே, ஷியா அமைச்சர் இப்னுல் அல்கமீ காட்டிக்கொடுத்தார் என்று பலர் எழுதியிருப்பதாகவும் சொன்னீர்கள். அந்தக் குற்றச்சாட்டு பழையது, சுன்னி வரலாற்றாசிரியர்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். மறுத்தவர்களும் உண்டு. தீர்ப்பு சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. ஹுலாகுவின் படை அதற்கு முன் வீழ்த்திய கோட்டைகளைப் பார்த்தால், அந்தப் படைக்கு உள்ளிருந்து ஒருவர் கதவைத் திறக்க வேண்டிய தேவை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இதை வைத்து இன்று சண்டை போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அரபுக் கல்லூரியில் நாங்கள் மன்திக், அதாவது தருக்கம் ஓதியபோது 'குத்பீ' என்ற விளக்கவுரையைப் படித்தோம். அதன் மூலநூல் 'ஷம்ஸிய்யா'. எழுதியவர் காத்திபீ, மராகாவில் தூஸீயோடு பணியாற்றியவர், இறந்தது 1277 வாக்கில். நூலின் பெயர் ஷம்ஸுத்தீன் ஜுவைனீயிடமிருந்து வந்தது. அலமூத் நூலகத்துக்குள் போன ஜுவைனீயின் உடன்பிறந்தவர் அவர், ஹுலாகுவின் அரசில் தலைமை அமைச்சர். பாக்தாத் விழுந்த தலைமுறையிலேயே, அதை வீழ்த்தியவர்களின் அமைச்சருக்காக எழுதப்பட்ட கிதாபு. எங்கள் ஹஜ்ரத் அதை வரிக்கு வரி ஓதிக்கொடுத்தார், இந்த வரலாறு அப்போது எனக்குத் தெரியாது. இப்போது நான் அந்தப் பாடத்தைத் தொடங்கும் முதல் நாள், கிதாபின் பெயரைப் பலகையில் எழுதி, அது யாருடைய பெயர் என்று சொல்லிவிட்டுத்தான் பிஸ்மி சொல்லி ஆரம்பிக்கிறேன்.